குரங்கணி காட்டுத்தீ, 2018

குரங்கணி காட்டுத்தீ என்பது தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூருக்கு அருகிலுள்ள குரங்கணி மலைப்பகுதியில் 2018 மார்ச் 11 அன்று ஏற்பட்ட தீ விபத்தாகும். கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் இதில் சிக்கினர்; 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

கோடை தொடங்கும் மாதங்களில் இம்மலைச்சரிவுகளில் புல் காய்ந்துவிடுகிறது. சரிவில் தீ கீழ்நோக்கிச் செல்வதைவிட மேல்நோக்கி விரைவாகப் பரவும். எரியும் புல்லின் வெப்பம் அதற்கு மேலுள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுவதே இதற்குக் காரணம். காற்றும் சேர்ந்தால் மனிதரால் ஓடித் தப்ப இயலாது. மலையிடுக்குகள் புகைபோக்கி போலச் செயல்பட்டு அனலை மேலே இழுப்பதால், அங்கு ஒதுங்குவதும் ஆபத்தானது. புல் இல்லாத பாறைப்பரப்பும் ஏற்கெனவே எரிந்து அடங்கிய தரையும் ஒப்பீட்டளவில் பாதுகாப்பானவை.

இவ்விபத்துக்குப் பின், தமிழ்நாடு அரசு 2018-இல் வனப்பகுதி மலையேற்றத்துக்குத் தனி விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தின்கீழ் 40 வழித்தடங்கள் அறிவிக்கப்பட்டன. இணையவழியில் முன்பதிவு செய்தவர்களுடன் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் செல்கின்றனர். காட்டுத்தீப் பருவத்தை முன்னிட்டு 2025-இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மலையேற்றம் நிறுத்தப்பட்டது. குரங்கணி விபத்து நிகழ்ந்த நாளும் இந்த இரண்டு மாத காலத்துக்குள்தான் வருகிறது.