கையெழுத்துப் போடும் முன்: ஐடி ஊழியர்கள் கவனத்துக்கு

பெரிய ஐடி நிறுவனத்தில் வேலை என்றதும் வீட்டில் எல்லோரும் கேட்பது சம்பளத்தைத்தான். எதில் கையெழுத்துப் போட்டாய் என்று யாரும் கேட்பதில்லை. பின்னால் வரும் சிக்கல் பலவும் அங்கேதான் தொடங்குகிறது.

சேரும் முன்

பயிற்சிக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், ‘பேக்டோர்’ கமிஷன் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் விலகிவிடுங்கள். ஆஃபர் லெட்டர் ஜிமெயில் முகவரியிலிருந்து வந்தால், நிறுவனத்தின் சொந்த இணையதளம் வழியாக விசாரியுங்கள். பணத்தை அனுப்பி ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 எண்ணில் புகார் செய்யுங்கள். போலி அனுபவச் சான்றிதழ், ஆள் மாற்றி இன்டர்வியூ போன்ற குறுக்கு வழிகள் பின்னணிச் சரிபார்ப்பில் சிக்கினால் வேலை போகும், வழக்கும் வரலாம்.

பாண்ட் செல்லுமா?

வேலையை விட்டபின் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற நிபந்தனை, 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி செல்லாது. அதற்காகப் பாண்ட் எல்லாமே வெற்றுக் காகிதம் என்று நினைக்க வேண்டாம். மூன்றாண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற பொதுத்துறை வங்கி ஒன்றின் நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் ஏற்றுக்கொண்டது. ஆகவே தொகையையும் காலத்தையும் படித்துப் பார்த்தே ஒப்பமிடுங்கள். அசல் சான்றிதழ்களை அடமானம்போல் ஒப்படைக்காதீர்கள்.

“நீங்களே பேப்பர் போட்டுடுங்க”

திடீரென்று எச்ஆர் மீட்டிங். போனை வெளியே வைக்கச் சொல்வார்கள். ராஜினாமா மெயில் தயாராக இருக்கும். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. “இல்லன்னா டெர்மினேஷன்னு போடுவோம். அடுத்த கம்பெனியில வேலை கிடைக்காது” என்பார்கள்.

அவசரம் அவர்களுக்குத்தான். தானாக ராஜினாமா செய்தவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது. நிறுவனமே ஆட்குறைப்புச் செய்தால், ஓராண்டு தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளருக்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான ஊதியமும், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் தர வேண்டும். 1947ஆம் ஆண்டு தொழில் தகராறுச் சட்டம் தந்த இந்த உரிமை, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. ஆனால் ‘லீட்’ என்ற பட்டத்தை வைத்து அதை முடிவு செய்வதில்லை. உண்மையில் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதே கணக்கு.

என்ன செய்யலாம்?

“யோசித்துச் சொல்கிறேன்” என்று எழுந்து வாருங்கள். வற்புறுத்தலில் ராஜினாமா மெயிலை அனுப்பிவிட்டால், அன்றே சொந்த மெயிலிலிருந்து அதை எழுத்தில் மறுத்துத் தெரிவியுங்கள். நியமன ஆணை, பே ஸ்லிப், அப்ரைசல் கடிதங்களின் நகல் எப்போதும் உங்கள் கையில் இருக்கட்டும். நிறுவனத்தின் மென்பொருள் நிரல், வாடிக்கையாளர் தகவல் எதையும் எடுக்காதீர்கள். தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனுக் கொடுக்கலாம். தீர்வு வராவிட்டால் தீர்ப்பாயம் செல்லலாம். சமரச மனுவுக்குப் பணிநீக்கத்திலிருந்து இரண்டு ஆண்டுகளே அவகாசம். எப்படி விலகினாலும், பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாள்களுக்குள் தர வேண்டும் என்கிறது ஊதியச் சட்டத் தொகுப்பு.

ஒரு நாள் அவகாசம் கேட்பதால் எந்த உரிமையும் பறிபோகாது. கேளுங்கள், அதற்குள் வழக்கறிஞர் ஒருவரையோ தொழிற்சங்கத்தையோ கலந்துகொள்ளுங்கள்.