பாறை இடுக்கில் 127 மணி நேரம்

2011-ம் ஆண்டு ஆஸ்கார் பரிசுப் போட்டியில் ஏ. ஆர். ரஹ்மானின் பெயர் மீண்டும் அடிபட்டது வாசகர்கள் பலருக்கு நினைவிருக்கும். ‘127 ஹவர்ஸ்’ என்ற ஆங்கிலப் படத்துக்கு அவர் அமைத்த பின்னணி இசையும், அதில் வரும் ஒரு பாடலும் இறுதிப் பட்டியலில் இடம் பெற்றிருந்தன. ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ எடுத்த டேனி பாயில்தான் இந்தப் படத்துக்கும் டைரக்டர். இம்முறை பரிசு கிட்டவில்லை. படத்தின் பெரும்பகுதியில் திரையில் தெரிவது ஓர் ஆள், ஒரு கல், இரு பக்கமும் பாறைச் சுவர், அவ்வளவுதான். இது கற்பனைக் கதையல்ல. 2003-ல் அமெரிக்காவில் உண்மையாகவே நடந்தது.

தண்ணீர் அறுத்த வழி

அமெரிக்காவின் யூடா, அரிசோனா மாநிலங்களில் பெரும் பரப்பு பாலைவனம். ஆனால் அது முழுவதும் மணல்வெளி அல்ல; செந்நிற மணற்பாறை பரந்து கிடக்கும் பூமி. அங்கே மழை அபூர்வம். பெய்தாலோ கொட்டித் தீர்த்துவிடும். நீரை உறிஞ்சிக்கொள்ள மண்ணும் மரமும் அதிகம் இல்லாததால் பெய்த நீர் பாறைமேல் வழிந்து ஓடுகிறது. ஓடும்போது மணலையும் கூழாங்கற்களையும் வாரிக்கொண்டு பாறை வெடிப்புகளில் புகுந்து, அரம் போட்டு அராவுவதுபோல் அராவுகிறது. நெடுங்காலம் இப்படி நடந்ததில் உருவானவையே ‘ஸ்லாட் கனியன்’ எனப்படும் பாறை இடுக்குகள்.

ஆழம் நூறடியும் இருக்கும். அகலமோ சில இடங்களில் ரயில் பெட்டியின் நடைவழி அளவுகூட இராது. உடம்பைப் பக்கவாட்டில் திருப்பித்தான் நுழைய வேண்டும். சுவர்கள் அலையலையாக வளைந்திருக்கும். மேலே கீற்றாகத் தெரியும் வானத்திலிருந்து இறங்கும் வெயில், பாறையில் பட்டுத் தெறித்து, உள்ளே முழுவதையும் செம்பு நிறமாக்கிவிடும். இந்த அழகைக் காணவே ஆண்டுதோறும் ஏராளமானோர் அங்கே நடக்கப் போகிறார்கள்.

ஒருவரிடமும் சொல்லவில்லை

ஆரன் ரால்ஸ்டன் என்ற இளைஞருக்கு அப்போது வயது 27. என்ஜினீயர் உத்தியோகத்தை உதறிவிட்டு, மலையேற்றத்தில் உள்ள மோகத்தால் கொலராடோ மாநிலத்தில் ஒரு கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 2003 ஏப்ரல் 26, சனிக்கிழமை. யூடாவிலுள்ள புளூஜான் கனியனுக்குத் தன்னந்தனியாகப் புறப்பட்டார். எங்கே போகிறார், எப்போது திரும்புவார் என்பது வீட்டாருக்கும் தெரியாது, கூடத் தங்கியிருந்தவர்களுக்கும் தெரியாது.

சுமார் மூன்றடி அகலமுள்ள ஓர் இடத்தில், இரு சுவர்களுக்கிடையே செருகி நின்ற பாறாங்கல் ஒன்றைப் பிடித்து அவர் கீழே இறங்கினார். கல் பெயர்ந்தது. அவரது வலது கையைச் சுவரோடு சேர்த்து நசுக்கி, அசையாமல் நின்றுவிட்டது. அதன் எடை சுமார் 360 கிலோ என்று பின்னர் கணக்கிட்டார்கள்.

கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஆளில்லை. கைவசம் இருந்தது கொஞ்சம் தண்ணீர், சிறிதளவு உணவு, கயிறு, ஒரு வீடியோ காமிரா, மழுங்கிய சிறு கத்தி. கல்லைச் செதுக்கிப் பார்த்தார். பொடி உதிர்ந்ததே தவிரப் பலனில்லை. கயிறு கட்டி இழுத்தார், அசையவில்லை. இரவுக் குளிர் வாட்டியது. தண்ணீர் தீர்ந்தபின் தன் சிறுநீரையே குடித்தார். பெற்றோருக்குச் சொல்ல வேண்டியதைக் காமிராவில் பேசிப் பதிந்தார். தன் பெயரையும் பிறந்த தேதியையும், இறக்கப்போகும் நாள் என்று தான் எண்ணிய தேதியையும் பாறையில் பொறித்தார்.

ஆறாம் நாள், மே 1-ந் தேதி காலையில் அவருக்கு ஒரு யோசனை பிறந்தது. எலும்பை அறுக்க அந்தக் கத்தியால் ஆகாது; ஆனால் உடம்பின் பாரத்தைக் கொண்டு எலும்பை முறிக்கலாம். முன்கையின் இரண்டு எலும்புகளையும் முறித்தார். ரத்தம் பெருகாமல் இறுகக் கட்டிக்கொண்டு, சுமார் ஒரு மணி நேரத்தில் தன் கையைத் தானே அறுத்தெடுத்தார். பிறகு ஒற்றைக் கையால் கயிறு பிடித்து 65 அடிச் செங்குத்துப் பாறையில் இறங்கி, வெயிலில் நடந்தார். வழியில் எதிர்ப்பட்ட டச்சுக் குடும்பம் ஒன்று தண்ணீரும் பிஸ்கட்டும் கொடுத்து உதவிக்கு விரைந்தது.

வெளியே இருந்தவர்கள்

அதற்குள் ஹெலிகாப்டரும் வந்துவிட்டது. அது தற்செயலாக வந்ததன்று. வேலைக்கு வரவேண்டிய நாளில் ரால்ஸ்டன் வராததைக் கவனித்த சக ஊழியர்கள் விசாரிக்கத் தொடங்கினர். தாயாருக்கு விஷயம் தெரிந்ததும் அவர் ஓயாமல் அதிகாரிகளை நெருக்கினார். பல இடங்களில் தேடிய பிறகு அவரது வண்டி நின்ற இடம் தெரியவந்தது. முதல் நாளே யாரிடமாவது இடத்தின் பெயரைச் சொல்லியிருந்தால் இந்தத் தேடல் பல நாள் முன்னதாகவே தொடங்கியிருக்கும். கையும் தப்பியிருக்கலாம்.

பாறை இடுக்கில் நிற்பவருக்கு வரும் ஆபத்து அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. அரிசோனாவின் ஆன்டிலோப் கனியனில் 1997 ஆகஸ்ட் 12 அன்று 11 பேர் வெள்ளத்தில் மாண்டனர். அவர்கள் நின்ற இடத்தில் பெரிய மழையே இல்லை. பல மைல் தொலைவில் கொட்டிய மழை இடுக்கு வழியே பாய்ந்து வந்து அவர்களை அடித்துச் சென்றது. இருவரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. அவ்விடம் நவஹோ என்னும் பழங்குடி மக்களின் பூமி. வழிகாட்டி இல்லாமல் இப்போது அங்கே யாரும் நுழைய முடியாது. தொலைவில் மழை வருகிறதா என்று வெளியிலிருந்து கண்காணிக்கிறார்கள். மரஏணிகள் இருந்த இடத்தில் இரும்புப் படிகள் வந்துவிட்டன.

இத்தகைய இடங்களுக்குப் போகிறவர்களுக்கு அங்குள்ள வனத்துறையினர் கூறுவது சுருக்கமானது: வானிலை அறிக்கையைப் பாருங்கள், தனியே போகாதீர்கள், போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். மூன்றாவதற்குக் காசு செலவில்லை. வாசலைத் தாண்டும்போது ‘போய் வருகிறேன்’ என்று சொல்லிப் பழகிய நமக்கு இது புதிதும் அல்ல. கூடவே ஊரின் பெயரையும் சொன்னால் போதும்.

ரால்ஸ்டன் மலையேற்றத்தை விடவில்லை. கொலராடோவில் 14,000 அடிக்கு மேற்பட்ட சிகரங்கள் அனைத்திலும் குளிர்காலத்தில் தனியாக ஏறும் முயற்சியை, செயற்கைக் கையுடன் 2005-ல் முடித்தார். முன்பு அப்படி ஏறி முடித்தவர் எவருமில்லை.