வெட்டுப்புள்ளியும் பெற்றோரும்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவந்ததும் பெற்றோர் இருவர் சந்திப்பின், முதலில் வினவுவது பிள்ளையின் இசட் புள்ளியையே. அது மதிப்பெண் அன்று. பரீட்சைக்குத் தோற்றியோரின் சராசரிக்கு மேலோ கீழோ மாணவர் எவ்வளவு தொலைவில் நிற்கின்றார் என்பதைக் காட்டும் அளவு. மதிப்பெண் கேட்டே பழகிய காதுக்கு இது விளங்கச் சற்று நாளாகும்.

மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் நூற்றுக்கு 40 இடங்களே அகில இலங்கைத் தகுதி வரிசைப்படி நிரப்பப்படுகின்றன. 55 இடங்கள் மாவட்டச் சனத்தொகைக்கேற்பப் பகிரப்படுகின்றன. எஞ்சிய 5 கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்குரியன. ஆதலின் கொழும்பில் இடந்தராத புள்ளி முல்லைத்தீவில் இடந்தரலாம்.

இஃதறியாத தந்தையார், அயல் மாவட்டத்து உறவினர் மகனின் புள்ளியோடு தம் மகளின் புள்ளியை ஒப்பிட்டு, மருத்துவத்தை மட்டுமே விண்ணப்பத்தில் எழுதுவிக்கிறார். அவள் விரும்பிய விவசாயம் அதில் இல்லையென்பது, முடிவுத் திகதி கடந்த பின்னரே வீட்டில் தெரியவருகின்றது.