திரையில் என் பெயர்

மெல்பேணில் நான் முதன்முதல் சேர்ந்த களஞ்சியக் கந்தோரில், மதியச் சாப்பாடு முடித்து வந்தபோது மூன்று பேர் என் மேசையடியில் நின்றார்கள். அவர்களது திரைகளில் "பதிவு பூட்டப்பட்டுள்ளது" என்ற வரி. பக்கத்தில் என் பெயர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. போச்சு என்றே நினைத்தேன்.

ஒரு பொருளின் பதிவைத் திருத்தத் திறந்தபடியே எழுந்து போயிருந்தேன், அவ்வளவுதான்.

பூட்டு எதற்கு? களஞ்சியத்தில் 100 பெட்டிகள் என்று வையுங்கள். இருவர் ஒரே வேளையில் அந்த 100ஐப் பார்க்கிறார்கள். ஒருவர் 30 கழித்து 70 என்று பதிகிறார். மற்றவர் 20 கழித்து 80 என்று பதிகிறார். இருப்பதோ 50, கணனி சொல்வது 80.

தரவுத்தளத்துக்கும் சொந்தப் பூட்டு உண்டு. ஆனால் நாம் திரையைப் பார்த்து யோசிக்கும் நேரமெல்லாம் அது நிற்காது. ஆகவே 1992இல் வந்த ஜேர்மனியின் எஸ்.ஏ.பி. ஆர்/3 தனக்கென ஒரு பூட்டு அட்டவணையை வைத்துக்கொண்டது. யார், எதை, எப்போதிலிருந்து பூட்டினார் என்பதைப் பொறுப்பாளர் 'எஸ்.எம்.12' என்று அடித்துப் பார்க்கலாம். அங்கேயே பூட்டை அழிக்கவும் முடியும். ஆனால் அவசரத்தில் அழித்தால், பாதியில் விட்ட திருத்தம் பிறகு வந்து மற்றவருடையதை மூடிவிடக்கூடும். அதனால்தான் முதலில் ஆளைத் தேடி வந்தார்கள்.

பூட்டியவர் என்று சில வேளை உங்கள் பெயரே உங்களுக்கு வரும். பதறாதீர்கள், அதே பதிவு உங்களுடைய இன்னொரு சாளரத்தில் திறந்திருக்கும். வெறுமனே பார்ப்பதென்றால் திருத்தும் திரை வேண்டாம், பார்வைத் திரையே போதும். அது பொதுவாக எவரையும் மறிக்காது.