காணிக்கை எடுக்கும் நேரம்

ஞாயிறு திருப்பலியில் காணிக்கைப் பை நம் வரிசைக்கு வந்த பிறகுதான் நம்மில் பலர் சில்லறை தேடுகிறோம். மறையுரைக்கும் நற்கருணை மன்றாட்டுக்கும் நடுவே ஓர் இடைவேளை என்றே அதை எண்ணிவிட்டோம். கோவில் மின்கட்டணத்திற்கு என்பாரும் உண்டு (அதையும் கட்டத்தான் வேண்டும்!).

திருத்தூதர் பவுல், எருசலேமில் வறுமையுற்ற கிறிஸ்தவர்களுக்காக மக்கதோனியா, அக்காயா சபைகளில் நிதி திரட்டினார். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில் (9:12) இக்கொடையை 'லெய்த்தூர்கியா' என்ற கிரேக்கச் சொல்லால் குறிப்பிடுகிறார். ஆலயத்தில் செக்கரியா ஆற்றிய குருத்துவப் பணிக்கு லூக்கா (1:23) பயன்படுத்துவதும் இதே சொல்தான். திருவழிபாட்டுக்குத் திருச்சபை வழங்கும் பெயரும் இதிலிருந்து வந்ததே. முகமறியா ஏழைக்குக் கொடுப்பதைப் பவுல் ஆலயப் பணியோடு ஒரே வரிசையில் வைத்துவிட்டார்.

மறைசாட்சி புனித ஜஸ்டின், கி.பி. 155ஆம் ஆண்டளவில் உரோமைப் பேரரசருக்கு எழுதிய விளக்கத்தில் ஞாயிறு வழிபாட்டை விவரிக்கிறார். வாசகம், மறையுரை, மன்றாட்டு, நற்கருணைப் பகிர்வு என்று சொல்லிவந்தவர் உடனே காணிக்கைக்கு வருகிறார். வசதியுள்ளோர் தாம் விரும்பியதைத் தருவார்கள்; கட்டாயமில்லை. அது தலைமை ஏற்பவரிடம் சேரும். அநாதைகள், கைம்பெண்கள், நோயுற்றோர், சிறைப்பட்டோர், அயலூரிலிருந்து வந்து தங்கியோர் ஆகியோரை அதைக் கொண்டு பராமரிப்பது அவர் பொறுப்பு. வேற்று மதத்து அரசருக்குத் தம் வழிபாட்டை விளக்கும்போதும் ஜஸ்டினுக்கு இதை விட்டுவிட மனமில்லை.

திருப்பலி நூலின் பொதுப் படிப்பினையும் (எண் 73), ஏழைகளுக்கென நாம் கொண்டுவரும் பணத்தையும் பொருள்களையும் ஏற்கிறது. பீடத்தின்மேல் மட்டும் வைப்பதில்லை. எனவே ஒரு கிலோ அரிசியோ, பள்ளிப் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகமோ நாமும் கொண்டுவரலாம். வீட்டிலிருந்து புறப்படும்போதே எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.