ரெயில் ஏறி, ரெயிலைப் பார்க்கப் போனோம்!

ரெயிலைப் பார்ப்பதற்கு யாராவது ரெயில் ஏறிப் போவார்களா? நாங்கள் போனோம். பெங்களூரில் இருந்து மைசூருக்குப் போனோம். அங்கே ஒரு ரெயில் அருங்காட்சியகம் இருக்கிறது.

போனவர்கள் நான்கு பேர். நான், என் மனைவி, எட்டு வயது மகள், விழுப்புரத்தில் இருந்து வந்திருந்த என் பெரியப்பா.

பெரியப்பாவுக்கு வயது 75. 1971-ல் நீராவி என்ஜினில் பயர்மேனாக வேலைக்குச் சேர்ந்தவர். பயர்மேன் என்றால் தீயை அணைப்பவர் அல்ல, தீயை வளர்ப்பவர்! ஓய்வு பெறும்போது டீசல் என்ஜின் டிரைவர். யார் கேட்டாலும் "நான் டிரைவராக இருந்தேன்" என்றுதான் சொல்வார். பயர்மேன் கதையை எடுக்கவே மாட்டார்.

அவருக்கு வர மனம் இல்லை. "செத்த மாட்டைப் பார்க்க டிக்கெட் வாங்குவார்களா?" என்றார். பேத்தி கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் செருப்பை மாட்டினார்.

பஞ்சத்தில் பிறந்த பாதை

பெங்களூரில் இருந்து மைசூர் சுமார் 140 கிலோ மீட்டர். இந்தப் பாதைக்கு ஒரு சோகக் கதை உண்டு. 1876 முதல் 1878 வரை தென்னாட்டைப் பெரும் பஞ்சம் வாட்டியது. லட்சக்கணக்கான மக்கள் மாண்டார்கள். பசித்தவர்களுக்கு ஒரு வேலை, அதற்கு ஒரு கூலி என்று அப்போது மண் வெட்டிய பாதை இது. 1882-ல் ரெயில் மைசூருக்குப் போய்ச் சேர்ந்தது. அன்று அது மீட்டர் கேஜ். அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே ஒரு மீட்டர்தான் இடைவெளி. இன்று அகலப்பாதையாகி, மின்சார ரெயில் பறக்கிறது.

வழியில் சென்னபட்டணம். மரப் பொம்மைக்குப் பெயர் போன ஊர். அடுத்து மத்தூர். அங்கே வடை! நம் ஊர் மெதுவடை அல்ல. அரிசி மாவு, ரவை, மைதா, வெங்காயம் கலந்து தட்டி, எண்ணெயில் போட்டு எடுப்பது. மொறுமொறு என்று இருக்கும். "பல் இருந்தபோது இந்தப் பக்கம் வந்திருக்க வேண்டும்" என்று சொல்லிக்கொண்டே பெரியப்பா இரண்டு தின்றார்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரிப் பாலம் வந்தது. பெரியப்பா எழுந்து வாசல் பக்கம் போய்விட்டார். "இந்தத் தண்ணீர்தானே மாயவரத்துக்கு வரவேண்டும்!" என்றார். அவர் கரி அள்ளிப் போட்ட பாதை, விழுப்புரத்தில் இருந்து மாயவரம் வழியாகத் தஞ்சாவூர் போகும் பாதை.

மகாராணியின் வண்டி

மைசூர் ரெயில் நிலையத்தில் இருந்து நடந்தே போய்விடலாம். டெல்லியில் 1977-ல் ரெயில் அருங்காட்சியகம் திறந்தார்கள். அதற்கு அடுத்தபடி 1979-ல் வந்தது இந்த மைசூர் அருங்காட்சியகம்.

எல்லோரும் முதலில் ஓடுவது மகாராணியின் வண்டிக்குத்தான். 1899-ம் ஆண்டு வண்டி. படுக்கை, சாப்பிடும் இடம், சமையல் அறை, கழிப்பறை எல்லாம் உண்டு. என் மனைவி சமையல் அறையை விட்டு நகரவில்லை. "ஓடுகிற வண்டியில் ரசம் கொதித்தால் கொட்டாதா?" என்பது அவள் கவலை. மகளுக்குப் பிடித்தது ஆஸ்டின் மோட்டார் கார். ரோட்டில் ஓடிய காருக்கு ரெயில் சக்கரம் மாட்டித் தண்டவாளத்தில் ஓட்டி இருக்கிறார்கள்!

திரும்பிப் பார்த்தால் பெரியப்பாவைக் காணோம்.

கண்ணாடிக் குழாய்

அவர் ஒரு கறுப்பு என்ஜினின் பக்கத்தில் நின்றார். ஒய்.பி. ரகம். மீட்டர் கேஜில் பயணிகள் ரெயிலை இழுப்பதற்கென்றே வந்த என்ஜின். நம் நாட்டுக்காக இதில் மொத்தம் 871 செய்தார்கள். பெரும்பாலானவை ஜாம்ஷெட்பூரில், டாட்டா தொழிற்சாலையில் செய்தவை. பெரியப்பா வேலை பார்த்ததும் இந்த ரகத்தில்தான்.

முழங்கால் வலிக்காரர், கம்பியைப் பிடித்து ஏறிவிட்டார். பேத்தியும் பின்னால் ஏறினாள்.

"டிரைவர் எங்கே உட்காருவார், தாத்தா?"

"அதோ. பயர்மேன் எங்கே உட்காருவான் என்று கேள்."

"எங்கே?"

"உட்காரவே மாட்டான்!"

பிறகு அவரே சொல்லத் தொடங்கினார். பின்னால் டெண்டரில் கரி. முன்னால் உலை. திரும்பித் திரும்பி அள்ளிப் போடவேண்டும். ஒரே இடத்தில் கொட்டினால் தீ செத்துவிடும். மூலை முடுக்கெல்லாம் மெல்லியதாகத் தூவவேண்டும். உலைக் கதவைத் திறந்தே வைத்தால் குளிர்ந்த காற்று புகுந்து நீராவி குறையும். போடு, மூடு. போடு, மூடு. இரவு முழுக்க.

ஆனால் உள்ளே ஏறியதும் அவர் கண் முதலில் போன இடம் உலை அல்ல. ஒரு கண்ணாடிக் குழாய் இருக்க வேண்டிய இடம். பாய்லரில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுவது அதுதான். தண்ணீர் உலைக்கூரைக்குக் கீழே இறங்கினால் இரும்புத் தகடு பழுத்து, பாய்லரே வெடிக்கலாம். 40 ஆண்டுகளுக்குப் பிறகும் கை தானாக அங்கே போயிற்று.

"1974-ல் ஒரு மழை இரவு, ஓடுகிற வண்டியில் இது வெடித்தது" என்றார். "கொதிக்கிற தண்ணீரும் ஆவியும் சீறிற்று. ஒன்றும் தெரியவில்லை. கையை உள்ளே விட்டு மேல் திருகையும் கீழ்த் திருகையும் மூடினேன்."

சட்டைக் கையை மடக்கினார். முழங்கைக்குக் கீழே அந்தத் தழும்பு. நான் சிறு வயதில் இருந்தே பார்ப்பது. தீபாவளி வெடி சுட்டது என்றுதான் எங்களுக்கெல்லாம் தெரியும்.

"வெடி என்றீர்களே, பெரியப்பா?"

"உன் பாட்டியிடம் அப்படிச் சொன்னேன். உண்மையைச் சொல்லி இருந்தால் மறுநாள் வேலைக்கு விட்டிருப்பாளா? வீட்டில் ஐந்து பேர் சாப்பிட வேண்டும். பிறகு அதையே சொல்லிப் பழகிவிட்டது."

மகள் தழும்பைத் தொட்டுப் பார்த்தாள். "மகாராணி வண்டியை இழுத்த என்ஜினிலும் கரி போட்ட தாத்தா இருந்தாரா?" என்று கேட்டாள். "இல்லாமல் வண்டி எப்படி நகரும்?" என்றார் பெரியப்பா.

மாலை ரெயிலில் திரும்பினோம். மகள் மடியில் தூங்கிவிட்டாள். பெங்களூரில் இறங்கியதும் பெரியப்பா வெளியே போகும் வழிக்கு வரவில்லை. நேரே முன்பக்கம் நடந்தார். மின்சார என்ஜினின் ஜன்னலில் ஓர் இளைஞர் தலை தெரிந்தது.

"நீங்களும் ரெயில்வேயா, ஐயா?" என்று அவர் தமிழிலேயே கேட்டார்.

"ஆமாம்" என்றார் பெரியப்பா. "பயர்மேன்."