கையைப் பிடித்து இழுக்கும் பிள்ளை

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த மாதங்களில், எமது ஊர் முன்பள்ளியொன்றில் உதவியாசிரியையாக இருந்தேன். அங்குதான் அவனைச் சந்தித்தேன். உண்மைப் பெயர் வேண்டாம். சின்னவன் என்றே இருக்கட்டும். வயது மூன்றரை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பமாட்டான். போத்தல் மூடிகளை வரிசையாக அடுக்குவான். ஒன்று விலகினாலும் அழுகைதான். பிளெண்டர் சத்தம் கேட்டால் இரு காதுகளையும் பொத்திக்கொள்வான். செவிப்புலனில் குறையில்லை, ஓட்டிசம் என்று வைத்தியர் கூறிச் சில மாதங்களே ஆகியிருந்தன.

நான் அவனைத் திருத்திவிடலாம் என்று நினைத்தேன். முகத்தை இரு கைகளாலும் பிடித்து, "டீச்சரப் பாருங்க" என்பேன். மூடிகளை ஒளித்தும் வைத்தேன். மூன்றாம் நாள் என் கையைக் கடித்துவிட்டான். வீட்டுக்கு வந்து உம்மாவிடம் காட்டி அழுதேன். "அவன்ட மூடிய நீ எடுத்தா அவன் வேற என்ன செய்ற?" என்று கேட்டார் உம்மா.

அடுத்த கிழமை பேச்சுச் சிகிச்சைக்காக வைத்தியசாலைக்குப் போகும்போது அவனுடைய தாய் என்னையும் கூட்டிப்போனார். சிகிச்சையாளர் முதலில் எதுவும் கற்பிக்கவில்லை. "தாகம் வந்தா என்ன செய்வார்?" என்று மட்டும் கேட்டார். தாய் யோசிக்காமலே சொன்னார்: "என்ட கையப் புடிச்சி இழுத்துப் போய்ப் பைப்புல வைப்பான்."

அதுதான் அவனுடைய பேச்சு என்றார் சிகிச்சையாளர். நாங்கள் அதைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அவர் காட்டித் தந்தவை சின்னச் சின்ன விடயங்கள். அவன் கையை இழுத்ததும் உடனே தண்ணீரைக் கொடுத்துவிடாமல், அவனுடைய உயரத்துக்குக் குனிந்து, மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருக்க வேண்டும். பிறகு "தண்ணி" என்று ஒரே சொல். நாங்களோ அதுவரை, "தண்ணி வேணுமா மகன், எந்தக் கோப்பையில குடிக்கப்போறீங்க, வாங்க வாங்க" என்று கொட்டித் தீர்த்துக்கொண்டிருந்தோம். அவனுடைய கோப்பை, பிஸ்கட், ஊஞ்சல் ஆகியவற்றைப் படம் எடுத்து அட்டையில் ஒட்டினோம். அவன் அட்டையைத் தந்தால் அந்தப் பொருள் உடனே கைக்கு வந்துவிட வேண்டும். படம் காட்டிப் பழகினால் பேச்சே வராது என்று பலர் பயப்படுகிறார்கள். அது சரியல்ல, கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்த பிள்ளைக்குத்தான் சொல்லும் தேவைப்படுகிறது. மூடிகளை நான் ஒளிப்பதை விட்டேன். அருகில் உட்கார்ந்து வரிசையின் கடைசியில் ஒரு மூடியை வைத்தேன். அவன் அதைத் தட்டிவிடவில்லை.

வீட்டில்தான் கஷ்டம். "போனப் பாத்துக்கொண்டு இருந்தா புள்ள எப்படிப் பேசும்?" என்று வாப்பும்மா தினமும் சொல்வாராம். ஒருநாள் அந்தத் தாய் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "என்ட பிழையா தங்கச்சி?"

இல்லை. 1943இல் அமெரிக்காவில் லியோ கனர் என்ற மருத்துவர் இத்தகைய 11 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். அதன்பின் பல வருடங்களாகத் தாயின் அன்புக் குறைவே காரணம் என்று படித்தவர்களே சொல்லி வந்தார்கள். அந்தக் கருத்து இன்று முற்றாகக் கைவிடப்பட்டுவிட்டது. பிறப்போடு வரும் மரபணுக்களுக்கே இதில் பெரும் பங்குண்டு. தடுப்பூசி காரணம் என்ற சந்தேகத்தைக் கிளப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையையும் அதை வெளியிட்ட 'லான்செட்' சஞ்சிகை 2010இல் மீளப்பெற்றது. இதையெல்லாம் நான் சொல்லி வாப்பும்மா கேட்கப்போவதில்லை. அடுத்த தடவை அவரையும் கிளினிக்குக் கூட்டிவரும்படி சிகிச்சையாளர் சொன்னார். அது நல்ல யோசனை. காத்திருப்பதில் வாப்பும்மாவுக்கு நிகர் எங்களில் யாருமில்லை. தேத்தண்ணிக் கோப்பையோடு உட்கார்ந்து, அட்டை வரும்வரை பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டே இருப்பார். போனைப் பற்றிய பேச்சும் மெல்ல நின்றுபோனது.

ஒரு வயதாகியும் பெயருக்குத் திரும்பாத, ஒன்றரை வயதிலும் எதையும் விரலால் சுட்டிக்காட்டாத, பேசிய சொற்களை இழந்துவிட்ட பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு குடும்பநல மாதுவிடமோ வைத்தியரிடமோ போங்கள். "ஆம்புளப் புள்ள பிந்தித்தான் பேசும்" என்று சொல்லிச் சின்னவனுக்கும் ஒரு வருடம் வீணாகிவிட்டது.

நான் முன்பள்ளியிலிருந்து விலகும்வரை அவன் ஒரு சொல்லும் பேசவில்லை. ஆனால் கடைசிக் கிழமையில் ஒருநாள் என் கையை இழுத்துப் போய்ப் பைப்பில் வைத்தான். நான் குனிந்து எண்ணத் தொடங்கினேன். ஏழாவதில் பைப்பைப் பார்த்தான். பிறகு என் முகத்தை. நான் பிடித்துத் திருப்பாமல் அவனாகவே பார்த்தது அதுதான் முதல் தடவை.

"தண்ணி" என்றேன்.